மரத் துளைப்பான் வண்டுகளைக் குளவியைக் கொண்டு கண்காணிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: வெளியிலிருந்து வந்த மரத் துளைப்பான் வண்டு ஒரு வட்டாரத்துக்குள் நுழைந்துவிட்டதா என்பதை இரைபிடிக்கும் குளவிகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அது உண்மையா, எப்படிச் செய்வது?

உண்மைதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இந்தக் குளவி வண்டுகளை ஒழிப்பதற்காக விடப்படுவதில்லை. ஒழிப்பு முயற்சிக்காக 2007 முதல் அமெரிக்காவில் விடப்படுபவை டெட்ராஸ்டிகஸ், ஸ்பேதியஸ், ஊபியஸ் போன்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள். அவை வண்டின் புழுவிலோ முட்டையிலோ வளர்பவை. நாம் பேசப்போகும் செர்செரிஸ் ஃப்யூமிபென்னிஸ் அந்த மண்ணுக்கே உரிய குளவி. யாரும் அதை வளர்ப்பதில்லை, கொண்டுவந்து விடுவதில்லை. அது தன் குஞ்சுகளுக்காக மர உச்சியில் பிடித்துவரும் வண்டுகளை நாம் வழிமறித்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அது எடுக்கும் மாதிரியை நாம் படிக்கிறோம்.

இதற்கு ஏன் தேவை வந்தது என்றால், ஆஷ் என்ற மரவகையைத் தாக்கும் மரகத ஆஷ் துளைப்பான் என்ற பச்சை வண்டால். அறிவியல் பெயர் அக்ரிலஸ் பிளானிபென்னிஸ். கிழக்காசியாவைச் சேர்ந்த இந்த வண்டு 2002இல் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் பகுதியிலும், ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் வின்ட்சர் பகுதியிலும் கண்டறியப்பட்டது. அப்போதே அது வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்றுகொண்டே போய், மரத்தின் உணவோட்டத்தை அறுத்துவிடும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இதற்குப் பலியாகியிருக்கின்றன. உச்சிக் கிளைகள் காய்வது, பட்டையில் ஆங்கில எழுத்து டி வடிவத்தில் 3 முதல் 4 மில்லிமீட்டர் வெளியேறு துளைகள் தெரிவது, மரங்கொத்தி பட்டையை உரித்துப்போடுவது எல்லாமே தாமதமான அறிகுறிகள். அவை கண்ணில் படும்போது வண்டு அங்கே குடியேறிச் சில ஆண்டுகள் கடந்திருக்கும். வெகுதூரத்திலிருந்து சுண்டி இழுக்கும் வலுவான இனக்கவர்ச்சி வாசனை எதுவும் இந்த வண்டுக்குக் கைவசம் இல்லை என்பதால், ஊதா நிற ஒட்டுப்பொறியும் பச்சைப் புனல் பொறியும் இலை வாசனையை நம்பியே வேலை செய்கின்றன. வண்டு மிகக் குறைவாக இருக்கும் தொடக்கக் காலத்தில் அவை தவறவிடுவது சகஜம்.

குளவிக்கு வாசனைப் பொறியின் தயவு தேவையில்லை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பொன்வண்டுக் குடும்பத்தை வேட்டையாடும் செர்செரிஸ் இனம் இது ஒன்றே. ஆஷ் துளைப்பானும் பொன்வண்டுக் குடும்பம்தான். பெண் குளவி மர உச்சிக்குப் போய் வண்டைத் தேடிப் பிடித்து, கொட்டிச் செயலிழக்கச் செய்து, வயிற்றுக்கு அடியில் கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் தோண்டிய தன் வளைக்குத் திரும்பும். வளைக்குள் சிறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் சில வண்டுகளை அடுக்கி, முட்டையிட்டு மூடும். வண்டு சாகாமல் அசைவற்றுக் கிடப்பதால் கெட்டுப்போகாது. இதே இனவரிசையைச் சேர்ந்த ஐரோப்பியக் குளவி ஒன்றின் வளையில் குவிந்திருந்த பொன்வண்டுகளைப் பற்றி 1841இல் எழுதிய பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லியோன் டுஃபூர், குளவி ஏதோ பதப்படுத்தும் திரவத்தைச் செலுத்துகிறது என்று நினைத்தார். 1855இல் இன்னொரு பிரெஞ்சுப் பூச்சியியலாளரான ஃபாப்ர்தான் அது நரம்பு முடிச்சைக் குத்திச் செயலிழக்கச் செய்யும் வேலை என்று காட்டினார். நமக்கு இதில் நடைமுறைப் பயன் உண்டு: கையில் கிடைக்கும் வண்டு முழுசாக, நிறம் மங்காமல், இனம் காண ஏற்றதாக இருக்கும்.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மார்ஷலின் குழுவினர் இதை ஒரு கண்காணிப்பு முறையாக வளர்த்தார்கள். இதன் வலிமையைக் காட்டிய நிகழ்வு 2012 ஜூலையில் நடந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் ஆஷ் துளைப்பான் இருப்பது முதன்முதலில் தெரியவந்ததே ப்ராஸ்பெக்ட் என்ற ஊரில் இந்தக் குளவிகள் கொண்டுவந்த வண்டுகளால்தான். அந்த மாநிலத்தின் வேளாண் ஆய்வு நிலையத்தில் கிளேர் ரட்லெட்ஜ் இந்தக் கண்காணிப்பை நடத்திவந்தார்.

இனி வேலைக்கு வருவோம். பாதி வெற்றி குடியிருப்பைக் கண்டுபிடிப்பதில்தான். இந்தக் குளவி தனித்தனி வளைகளை அருகருகே தோண்டிக் கூட்டமாக வாழும். அதற்கு வேண்டியது இறுகிய மணற்பாங்கான தரை, அங்கங்கே மட்டும் புல், நாள் முழுக்க வெயில், கூப்பிடு தூரத்தில் மரங்கள். மனிதர் நடமாட்டத்தால் புல் முளைக்காமல் கிடக்கும் இடங்கள் இதற்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் பேஸ்பால் மைதானங்கள் முதலிடம் பிடிக்கின்றன. பள்ளி, பூங்கா மைதானங்களில் மண் பரப்பின் ஓரங்கள், ஆட்டக்காரர்கள் உட்காரும் பகுதியைச் சுற்றிய வெற்றுத்தரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மண் வாகன நிறுத்தங்கள், பழைய மணல் குழிகள், முகாம்களில் தீ மூட்டும் இடத்தைச் சுற்றிய தரை ஆகியவையும் தேறும். செயற்கைக்கோள் படத்தில் மைதானங்களை முதலில் குறித்துக்கொண்டு, மரக்கூட்டம் சுமார் 200 மீட்டருக்குள் இருப்பவற்றை மட்டும் நேரில் போய்ப் பார்த்தால் அலைச்சல் மிச்சம். தினமும் வாரி நீர் தெளித்துப் பராமரிக்கும் போட்டி மைதானத்தைவிட, வாரம் ஓரிரு முறை ஆட்டம் நடக்கும் சுமாரான மைதானமே நல்லது.

வளையின் வாய் பென்சில் கனத்தில் வட்டமாக, செங்குத்தாகக் கீழே இறங்கும். அதைச் சுற்றி மெல்லிய மண் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் குவிந்திருக்கும். எறும்புப் புற்றின் துளை இதைவிடச் சிறியது. ஒரு பக்கமாக மட்டும் மண் வாரிக் கொட்டியிருந்தால் வேறு குளவியின் வேலையாக இருக்கலாம். மண்ணே குவியாத வட்டத் துளை பெரும்பாலும் புலி வண்டுப் புழுவுடையது. சந்தேகமாக இருந்தால் பத்து நிமிடம் அசையாமல் காத்திருப்பதே சிறந்த சோதனை. வாயருகே ஒரு முகம் எட்டிப் பார்க்கும். பெண் குளவியின் முகத்தில் மூன்று பெரிய வெளிர்மஞ்சள் திட்டுகள், ஆணுக்கு இரண்டு. உடல் கருமை, நீளம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர், இறக்கைகள் புகை படிந்தாற்போல் கருத்திருக்கும், வயிற்றின் முன்பகுதியில் ஒரே ஒரு அகலமான மஞ்சள் பட்டை. பல மஞ்சள் பட்டைகள் இருந்தால் அது வேறு குளவி. செர்செரிஸ் பேரினத்திலேயே கூன்வண்டுகளைப் பிடிப்பவையும் உண்டு. செர்செரிஸ் ஹாலோன் ஓக் கொட்டைகளைத் துளைக்கும் கூன்வண்டுகளைத் தேடிப்போகும். அதன் குடியிருப்பில் எத்தனை நாள் நின்றாலும் ஆஷ் துளைப்பான் வராது. ஆகவே இனத்தை உறுதிசெய்யாமல் வலையை எடுக்கக்கூடாது.

கொட்டுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆண் குளவிக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணுக்கு இருந்தாலும் வளையைக் காக்க ஆளைத் துரத்தும் பழக்கம் இல்லை. விரலால் நசுக்கினால் தவிர கொட்டாது. குழந்தைகள் விளையாடும் மைதானம் என்பதால் இதைப் பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே விளக்கிச் சொல்வது அவசியம். சொல்லாமல் விட்டால் யாராவது பூச்சிமருந்து தெளித்துவிடுவார்கள், பல ஆண்டுக் குடியிருப்பு ஒரே நாளில் போய்விடும்.

வளைகளின் எண்ணிக்கை முக்கியம். ஐந்தாறு வளைகள் உள்ள இடத்தில் மணிக்கணக்கில் காத்திருந்தாலும் ஒன்றிரண்டு வண்டுதான் கிடைக்கும். 20 வளைகளுக்குக் குறைந்த இடத்தைக் குறிப்பேட்டில் பதிந்து வைத்துவிட்டு, நேரத்தைப் பெரிய குடியிருப்பில் செலவிடுவதே என் பரிந்துரை. வளைகளை எண்ணும்போது கோல்ஃப் பந்தை வைக்கும் சிறு குச்சியில் எண் எழுதி வளையருகே குத்தி வைக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் குத்திவிட்டு வலை வீச ஆரம்பிக்க வேண்டாம். குளவி தன் வளையைச் சுற்றியுள்ள கல், புல், குச்சி ஆகியவற்றை அடையாளம் வைத்துத்தான் திரும்புகிறது. புது அடையாளங்கள் முளைத்தால் சற்று நேரம் தடுமாறும். முந்தின நாளே குத்திவிடுவது நல்லது. நாம் கொண்டுபோகும் பை, நாற்காலி எல்லாம் வளைகளுக்குத் தள்ளியே இருக்கட்டும்.

காலம் வடக்கு மாநிலங்களில் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய. முதலில் ஆண்கள் வெளிவரும், பிறகு பெண்கள். பெண் முதல் சில நாட்கள் தோண்டுவதிலேயே இருப்பதால், புது மண்மேடு தெரிந்த அன்றே வண்டு வரும் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஜூலை முழுவதும் உச்சம். இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும்: ஆஷ் துளைப்பான் வண்டுகள் பறக்கத் தொடங்குவது குளவிக்குச் சற்று முன்னதாக. ஆகஸ்டில் மரத்தில் அந்த வண்டு குறைந்துவிடும். எனவே ஜூலை முதல் இரு வாரங்களில் கிடைக்கும் 10 வண்டுகள், ஆகஸ்ட் பிற்பகுதியில் கிடைக்கும் 10 வண்டுகளைவிட நம் கேள்விக்கு அதிகம் பதில் சொல்லும். நாளில் காலை 10 மணிக்கு மேல் மாலை 5 மணிக்குள், வெயில் அடித்து வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டிய பிறகே வேட்டை சூடுபிடிக்கும். மேகம் மூடினால் வரத்து நின்றுபோகும். நல்ல மழைக்கு மறுநாள் காலை குளவிகள் வாயைத் தோண்டித் திறப்பதிலேயே நேரம் போகும்.

வண்டு சேகரிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவதும் சிறந்ததும் வலை. பறக்கும் பூச்சிகளுக்கான லேசான வலை, வளையம் 30 முதல் 38 சென்டிமீட்டர். வண்டு சுமந்துவரும் குளவிக்கும் வெறுமனே வரும் குளவிக்கும் வேறுபாட்டைக் கண் பழகிக்கொள்ள வேண்டும். சுமையோடு வருவது மெதுவாக, கனத்து, வளைக்கு மேலே ஒரு கணம் தயங்கி இறங்கும். உடலின் கீழே நீளமாக ஒன்று தொங்குவது தெரியும். நம் நிழல் வளைகளின் மேல் விழாதபடி நிற்க வேண்டும். குளவி வளைக்கு நேர் மேலே வந்து தயங்கும் அந்தக் கணத்தில் பக்கவாட்டில் வீசி, உடனே வளையத்தைத் திருப்பி வலையின் வாயை மூடிவிட வேண்டும். மேலிருந்து கீழாக அடித்தால் வளைகள் நசுங்கும், குளவியும் சாகும். வலைக்குள் மாட்டியதும் குளவி பெரும்பாலும் வண்டை விட்டுவிட்டு மேல்நோக்கி ஏறும். வண்டை வெளியிலிருந்தே விரலால் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தால் குளவி போய்விடும். அது திரும்ப வேட்டைக்குப் போகும், கவலை வேண்டாம். இருந்தாலும் ஒரே வளையை நாள் முழுக்கக் கொள்ளையடிக்காமல் பல வளைகளில் பரவலாக எடுப்பது நியாயம். இதற்குப் புள்ளியியல் காரணமும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, தரையைத் தேடுவது. குளவிகள் சில வண்டுகளை வளைவாயருகே போட்டுவிட்டுப் போய்விடும். காலையில் குனிந்து நடந்தால் மண்மேட்டு ஓரங்களில் பளபளப்பாகக் கிடப்பதைப் பொறுக்கலாம். சிரமமில்லை. நேரம் குறைவாக உள்ள தன்னார்வலர்களுக்கு ஏற்ற வழி. ஆனால் எறும்புகள் முந்திக்கொள்ளும்.

மூன்றாவது, அட்டைத் தடுப்பு. ஒரு துண்டு கெட்டி அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ துளையிட்டு வளைவாயின் மேல் பதித்து வைப்பார்கள். குளவி தனியாகப் போய்வர இடமிருக்கும், அடியில் வண்டோடு நுழைய இடமிருக்காது. திரும்பி வந்த குளவி வாசலில் தவிக்கும்போது வலையால் மூடலாம், அல்லது அது விட்டுவிட்ட வண்டை எடுக்கலாம். ஒரே ஆள் பல வளைகளைக் கவனிக்க இது உதவும். துளையின் அளவில்தான் சூட்சுமம். காகிதத்தில் துளையிடும் கருவியின் துளையிலிருந்து தொடங்கி, உள்ளிருக்கும் குளவி தாராளமாக வெளியேறுகிறதா என்று ஒவ்வொரு குடியிருப்பிலும் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். சற்றுப் பெரிதாகிவிட்டால் தடித்த வண்டுகள் மட்டும் தடைபட்டு, ஒல்லியான அக்ரிலஸ் வகை வண்டுகள் குளவியோடு உள்ளே போய்விடக்கூடும். நாம் தேடும் வண்டே ஒல்லியானது என்பதால், இந்தத் தவறு கணக்கையே திசைதிருப்பிவிடும். வேலை முடிந்ததும் எல்லாத் தடுப்புகளையும் எண்ணி எடுத்துவிட வேண்டும். மறந்துபோன ஒன்று அந்த வளையை முடக்கிவிடும்.

வண்டை உடனே மூடியுள்ள சிறு குப்பியிலோ ஜிப் உறையிலோ போட்டு, குடியிருப்பின் பெயர், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எடுத்தவர் பெயர், எடுத்த முறை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளேயே வைக்க வேண்டும். உறையின் மேல் பேனாவால் எழுதியது குளிர்பதனத்தில் அழிந்துபோகும். பல குடியிருப்புகளின் வண்டுகளை ஒரே உறையில் கலந்துவிட்டால், அதில் ஆஷ் துளைப்பான் இருந்தாலும் எங்கே தேடுவது என்று தெரியாது. அன்றைக்கே ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வண்டு செயலிழந்துதான் கிடக்கிறது, சாகவில்லை என்பதால் ஓரிரு நாள் உறைநிலையில் இருந்த பிறகே வெளியில் எடுக்கலாம். ஈரத்தோடு வெளியில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். எத்தனை மணி நேரம் நின்றோம், எத்தனை வளைகள் திறந்திருந்தன என்பதையும் எழுத வேண்டும். ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

குளவி கொண்டுவருவதில் பெரும்பகுதி அந்தப் பகுதிக்கே உரிய பொன்வண்டுகளாக இருக்கும்: டைசர்க்கா, பியூப்ரெஸ்டிஸ், கிரைசோபோத்ரிஸ், உள்ளூர் அக்ரிலஸ் வகைகள். அரிதாக இலை வண்டும் வரும். ஆஷ் துளைப்பான் சுமார் 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளம், ஒடுங்கிய உடல், பளீரென்ற உலோகப் பச்சை. பச்சை நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், பச்சையாக மின்னும் உள்ளூர் வண்டுகளும் உண்டு. மேல்சிறகை ஊசியால் மெல்லத் தூக்கிப் பார்த்தால், ஆஷ் துளைப்பானின் வயிற்றின் மேற்புறம் செம்பு நிறச் சிவப்பாக ஒளிரும். வட அமெரிக்க அக்ரிலஸ் வகைகளில் பச்சைச் சிறகும் செம்பு வயிறும் சேர்ந்திருப்பது இதற்கு நல்ல அடையாளம்.

எத்தனை வண்டுகள் எடுத்தால் போதும்? ஒரு குடியிருப்புக்கு 50 என்பது வழக்கமான இலக்கு. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளவிகள் கொண்டுவரும் வண்டுகளில் 10 சதவீதம் ஆஷ் துளைப்பான் என்று வைத்துக்கொண்டால், 50 வண்டுகளில் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு அரை சதவீதம்தான். 5 சதவீதம் என்றால் தவறவிடும் வாய்ப்பு ஏறக்குறைய 8 சதவீதம். 2 சதவீதம் மட்டுமே என்றால் அது 36 சதவீதமாக ஏறிவிடும். அதைத் திரும்ப 5 சதவீதத்துக்குள் இறக்க 150 வண்டுகள் வேண்டும். வண்டு புதிதாக வந்த ஊரில் இருப்பது இந்தக் கடைசி நிலைமைதான். 50 எடுத்தோம், இல்லை, ஆகவே இந்த ஊரில் இல்லை என்று அறிக்கை எழுதுவது தவறு. வண்டு பரவியுள்ள பகுதியின் எல்லையோர மாவட்டங்களில் குடியிருப்பு நன்றாக இருந்தால் 100க்கு மேல் போவதே சரி என்பது என் உறுதியான கருத்து. மேலும் இந்தக் கணக்கு ஒவ்வொரு வண்டும் தனித்தனிச் சீட்டுக் குலுக்கல் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே குளவி ஒரே மரத்தை நாடித் திரும்பத் திரும்பப் போனால் அதன் 10 வண்டுகள் உண்மையில் ஒரே தகவல்தான். பல வளைகளிலிருந்து, பல நாட்களில் எடுக்கச் சொன்னது இதனால்தான்.

முறையின் எல்லைகளும் தெளிவாக இருக்கட்டும். குளவி பெரும்பாலும் குடியிருப்பைச் சுற்றிய சில நூறு மீட்டரில் வேட்டையாடுகிறது. அந்த வட்டத்துக்குள் ஆஷ் மரமே இல்லையென்றால் 200 வண்டுகள் எடுத்தும் பயனில்லை. முதலில் மரங்களை எண்ணிவிட்டு வலையைத் தூக்க வேண்டும். குடியிருப்பு மண்ணைப் பொறுத்து அமைகிறது, நமக்கு வேண்டிய இடத்தில் அமையாது. களிமண் பகுதிகளில் பொறிகளையும், கிளையை வெட்டிப் பட்டை உரித்துப் புழுவைத் தேடும் கிளை மாதிரிகளையும்தான் நம்ப வேண்டும். வளைகளோடு மண்ணையே பெயர்த்து வேறிடம் கொண்டுபோகும் முயற்சிகள் நடந்திருக்கின்றன, ஆனால் உழைப்பு மிக அதிகம். ஆசிய நீள்கொம்பு வண்டு, பட்டை வண்டுகள் ஆகியவற்றுக்கு இந்தக் குளவி உதவாது. மற்றபடி பொன்வண்டுக் குடும்பத்தில் புதிதாக நுழையும் எதையும் இது காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு. வேறொரு வேலைக்காகச் சேகரித்த பழைய உறைகளைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பதன் அருமை அதில்தான் இருக்கிறது. 2022இல் ஆஷ் துளைப்பான் ஆரிகன் மாநிலத்தின் ஃபாரஸ்ட் குரோவ் ஊரில் தென்பட்ட பிறகு, மேற்குக் கரையில் இதன் உறவான செர்செரிஸ் கலிஃபோர்னிகாவின் மேல் கவனம் திரும்பியிருக்கிறது. அதுவும் பொன்வண்டு வேட்டைக்காரன்.

சந்தேகத்துக்குரிய பச்சை வண்டு கிடைத்தால், அதைத் தனிக் குப்பியில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, மேல்புறமும் பக்கவாட்டும் அளவுகோலோடு படம் எடுத்து, மாநில வேளாண் அல்லது வனத் துறையின் பூச்சியியலாளருக்கு அனுப்ப வேண்டும். மாவட்டத்தில் முதல் கண்டுபிடிப்பு என்றால் அதிகாரப்பூர்வ உறுதி வரும்வரை பொதுவில் அறிவிக்கக்கூடாது. அதற்குள் குடியிருப்பைச் சுற்றி ஒரு கிலோமீட்டரில் உள்ள ஆஷ் மரங்களை, உச்சி மெலிந்தவை, மரங்கொத்தி கொத்தியவை என்று வரிசைப்படுத்திப் பட்டியலிட்டு வைக்கலாம். உறுதியானதும் பட்டையை உரித்துப் புழுப்பாதையைத் தேட வேண்டியது அந்த மரங்களில்தான். குளவிகளிடம் வண்டு எடுப்பதையும் அன்றோடு நிறுத்திவிடக் கூடாது. அடுத்த வாரங்களில் எந்தெந்த வளைக்கு எத்தனை ஆஷ் துளைப்பான் வருகிறது என்ற எண்ணிக்கை, இது தனி மரத்தில் ஒட்டிக்கொண்ட தொடக்கமா, ஏற்கனவே பரவிவிட்டதா என்பதை ஓரளவுக்குச் சொல்லிவிடும்.